தாய்மாமனின் கணினியும் செர்காஸிப் பையனின் பந்தும்

சென்ற மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள என் கல்வி ஆலோசனை அலுவலகத்துக்கு ஓர் உக்ரைன் தாய் தன் பதினேழு வயது மகனுடன் வந்திருந்தார். நீப்பர் ஆற்றங்கரையில் உள்ள செர்காஸி நகரத்தவர்கள். 2022 இல் கனடாவுக்கு வந்தவர்கள். பையன் ஆறடி ஆறங்குல உயரம், பள்ளிக் கூடைப்பந்தாட்ட அணியின் முதன்மை வீரன். கீவில் இருக்கும் தாய்மாமன் வாரத்துக்கு இருமுறை தொலைபேசியில் அழைத்துக் கணினிப் பொறியியலைத் தவிர வேறெதையும் எண்ணக் கூடாதென்கிறார். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஓராண்டு தங்கிப் பயிலும் விடுதிப் பள்ளியொன்றில் இடம் பிடித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். அவர் கேட்கும் தொகை, இரண்டு வேலை பார்க்கும் அந்தத் தாயின் ஓராண்டு வருமானத்தைவிடக் கூடுதலானது. இதில் எது சரி என்று கேட்டுவிட்டு அவர் அழத் தொடங்கினார்.

தேநீர் கொடுத்தேன். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னேன். அதன் பிறகு, இரண்டுமே சரியில்லை என்றும் சொன்னேன்.

மாமனின் வழியை முதலில் பார்ப்போம். கணினித்துறை உக்ரைனில் போருக்கு முன்பே மதிப்பும் நல்ல வருமானமும் தந்த துறை என்பதால் அவர் சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் இந்தப் பையன் பத்தாம் வகுப்பில் எடுத்த கணினிப் பாடத்தைப் பாதியில் விட்டவன். பயிற்சிக்குப் பின் சக வீரர்களின் கணுக்காலுக்கு நாடா சுற்றிவிடுபவன் அவனே என்றும், எந்தத் தசைநார் எங்கே பிடிக்கிறது என்பதைப் படம் வரைந்து வைத்திருக்கிறான் என்றும் தாயே சொன்னார். நாட்டமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கி நான்கு ஆண்டு கட்டணம் செலுத்துவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் தலைமுறைக்கும் இப்படித் தொலைபேசியில் தொழில் தெரிவு செய்துகொடுத்த மாமன்மார் இருந்தார்கள். அவர்களில் ஒருவராவது கட்டணத்தில் பங்கு போட்டதாக எனக்கு நினைவில்லை.

முகவரின் வழி அதைவிட மோசமானது, ஏனெனில் அது பையனின் விருப்பத்தையே விலைப்பொருளாக்குகிறது. முகவர் காட்டிய படத்தில் இருந்தவர் அதே செர்காஸியில் 1997 இல் பிறந்த ஸ்வியாத்தோஸ்லாவ் மிகாய்லியுக். 2024 இல் பொஸ்ரன் செல்ற்றிக்ஸ் அணியோடு, வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யின் வெற்றிக்கிண்ணத்தை ஏந்தியவர். ஊர்ப் பையனின் படத்தைக் காட்டினால் எந்தத் தாய்தான் அசைய மாட்டார்? ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள வரலாற்றை முகவர் சொல்லவில்லை.

மிகாய்லியுக் பதினாறு வயதிலேயே ‘செர்காஸி மாவ்பி’ என்ற உள்ளூர்க் கழகத்துக்காகப் பெரியவர்களோடு ஆடியவர். 2014 கோடையில், பதினேழு வயதில், உக்ரைன் முதன்முறையாகப் பங்கேற்ற உலகக் கிண்ணப் போட்டிக்காக ஸ்பெயினுக்குச் சென்றவர். அதே ஆண்டு அவர் சேர்ந்த இடம் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகம். அங்கே முதற்பருவத்தின் பெரும்பகுதியை மாற்று வீரர் இருக்கையில்தான் கழித்தார். என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தெரிவுக்கு 2017 இல் பெயர் கொடுத்துவிட்டு, பின்பு அதை மீளப்பெற்று நான்காம் ஆண்டுக்குத் திரும்பினார். அந்த இறுதிப் பருவத்தில் அவர் போட்ட 115 மூன்று புள்ளிக் கூடைகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு பருவச் சாதனையாயின. நான்கு ஆண்டு பொறுத்திருந்தும் 2018 தெரிவில் அவருக்குக் கிடைத்தது 47ஆவது இடம். அதே தெரிவில் அவருக்கு மூன்று இடம் முன்னதாக, 44ஆவதாக, இன்னோர் உக்ரைனியர் தெரிவானார். தொனெத்ஸ்க்கில் பிறந்த இசுஃப் சனோன். அவருடைய வாழ்க்கை ஐரோப்பியக் கழகங்களிலேயே அமைந்தது. மிகாய்லியுக்கோ லொஸ் ஏஞ்சலிஸ், டெட்ரொயிற், ஒக்லஹோமா சிற்றி, இந்த ரொறன்ரோ, நியூயோர்க், ஷார்லட், பொஸ்ரன், யூற்றா என்று 2018 முதல் 2024 வரை எட்டு அணிகளுக்கு மாறினார். போர் தொடங்கிய 2022 பெப்ரவரியில் அவர் ரொறன்ரோ அணியில்தான் இருந்தார்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னது அவனுடைய ஆசையைக் குலைப்பதற்காக அல்ல. எந்த ஊரில் வாழ்வது என்பதைப் பிறர் முடிவு செய்யும் தொழில் இது. அதைத் தெரிந்துகொண்டும் விளையாட விரும்புகிறாயா என்று கேட்டேன். “ஆம்” என்றான். தாயின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் சொன்னான், அதனால் நம்பினேன்.

அப்படியானால் எது வழி? புகழ்பெற்ற பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதலாம் பிரிவில் 350க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் கூடைப்பந்தாட்ட அணி வைத்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். நான் சொல்லும் வழி அந்தப் பெயர் தெரியாத பல்கலைக்கழகங்களின் முழுப் புலமைப்பரிசில்தான். கீவைச் சேர்ந்த விட்டாலி பொதாபென்கோ ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகரருகே உள்ள ரைற் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடினார். நம்மவர் யாரும் பிள்ளையை அங்கே அனுப்பியதாகப் பெருமை பேசிக் கேட்டதில்லை. 1996 தெரிவில் அவர் 12ஆவதாக எடுக்கப்பட்டார். ஆட்டத்தை நிறுத்திய பிறகும் அந்த உலகத்தை விட்டுப் போகாமல் அமெரிக்க அணிகளில் பயிற்றுநரானார். சிறிய இடத்தில் ஒரு பையனுக்குக் களத்தில் நேரம் கிடைக்கும். பெரிய இடத்தில் சீருடை கிடைக்கும்.

முழுப் புலமைப்பரிசில் என்றால் கல்விக்கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், அன்றாடச் செலவுக்கான ஒரு பகுதி ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். ‘பகுதி உதவி’ என்ற சொல் கடிதத்தில் இருந்தால் எஞ்சிய பகுதி யார் தலையில் என்று கேட்க வேண்டும். உதவி ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா, முழங்கால் முறிந்தால் தொடருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையொப்பமிடக் கூடாது. பாடத்துறையையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இந்தப் பையனுக்கு நான் குறித்துக்கொடுத்தது உடலியக்கவியல். நாடா சுற்றும் கைகளுக்கு அதுவே இயல்பான படிப்பு. நாளை ஆட்டம் இல்லாமற்போனாலும் உடற்பயிற்சி வல்லுநராகவோ, மேற்படிப்புக்குப் பின் இயன்மருத்துவராகவோ அவன் அதே களத்தின் ஓரத்தில் நிற்கலாம்.

முதலாம் பிரிவில் ஆடும் தகுதிக்கான வேலை பந்தில் அல்ல, தாளில் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பதினாறு அடிப்படைப் பாடங்கள் வேண்டும். அவற்றில் ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு கட்டாயம். அவற்றின் சராசரி, 4.0 அளவில், 2.3க்குக் குறையக் கூடாது. புதிதாக வந்தோருக்கான ஆங்கில வகுப்புகள் வழமையான ஆங்கிலப் பாடத்தின் எடையோடு கணக்கில் வருமென்று எண்ணிவிட வேண்டாம் என்று எச்சரித்தேன். இந்தப் பையன், இடம்பெயர்ந்த பல உக்ரைன் பிள்ளைகளைப் போலவே, பகலில் ஒன்ராறியோப் பள்ளியிலும் மாலையில் இணையவழி உக்ரைன் பள்ளியிலும் படித்திருக்கிறான். ஆகவே இரண்டு பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலும் போக வேண்டும். உக்ரைன் ஆவணங்கள் மூலமொழியிலும் வரிக்கு வரி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் போக வேண்டும்.

முகவரின் ஒப்பந்தத்தில் நான் கடுமையாக நின்றதற்கு இன்னொரு காரணம் உண்டு. லூஹான்ஸ்க் மாகாணத்தின் அந்திராத்சித் நகரில் பிறந்து, சிறுவயதில் சீருடற்பயிற்சி செய்து, பதின்மூன்று வயதில்தான் பந்தைத் தொட்ட ஒலெக்சி லென், 2011 இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது முதல் பத்து ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டார். உக்ரைனில் தொழில்முறை அணியொன்றுக்கு ஆடியிருந்ததே காரணம். 2013 தெரிவில் அவர் ஐந்தாவது இடத்தில் எடுக்கப்பட்டது வேறு கதை. இன்று அந்த விதிகள் ஓரளவு தளர்ந்திருக்கின்றன. எனினும் பையன் கையொப்பமிட்ட தாள்கள் எவை, யாரிடம் பணம் வாங்கினான் என்ற கேள்விகள் வந்தே தீரும். பதினேழு வயதில் ஒரு முகவருக்கு எழுதிக்கொடுக்கும் தாள் அந்த நேரத்தில் கழுத்தில் விழும்.

தாய்க்கு மேலும் ஓர் அச்சம் இருந்தது, அதை அவர் மகன் தண்ணீர் குடிக்க வெளியே போனபோதுதான் சொன்னார். மகனுக்கு விரைவில் பதினெட்டு வயது. 2022 இல் உக்ரைன் அரசு 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை விதித்தது. 2025 ஓகஸ்டில் 22 வயது வரையானோருக்கு அது தளர்த்தப்பட்டது. பிள்ளை ஊருக்குப் போய்த் தாய்மாமனைப் பார்த்துத் திரும்பலாமா, கூடாதா என்பதைக் கல்வி ஆலோசகர் தீர்மானிக்க முடியாது. ஆனால் அவனுடைய கடவுச்சீட்டு எந்தத் திகதியில் முடிகிறது என்பதைப் பார்க்கச் சொல்ல முடியும், அமெரிக்க மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைக் காணச் சொல்ல முடியும். அந்தச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம் மட்டுமே இந்த ஆண்டு இந்தக் குடும்பம் செலவழிக்க வேண்டிய பெரிய தொகை என்று நான் எழுதிக்கொடுத்தேன். விடுதிப் பள்ளிக்கு ஒரு டொலரும் இல்லை என்பதை அடிக்கோடிட்டேன்.

அடுத்த வியாழன் மாலை அவர்கள் ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழோடும், பையன் முழு ஆட்டமொன்றில் ஆடிய வெட்டாத காணொளியோடும் வருகிறார்கள். பயிற்றுநர்களுக்குக் கூடைபோட்ட காட்சிகளை மட்டும் ஒட்டி அனுப்புவது பயன்படாது, பந்தை இழந்த பிறகு அவன் எப்படித் திரும்பி ஓடுகிறான் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். அதே நேரத்தில் கீவிலிருந்து மாமனும் இணைப்பில் வருவதாக ஏற்பாடு. எனக்கு உக்ரைன் மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் போதாது. நான் சொல்லப்போகும் மறுப்பை மொழிபெயர்க்கப் பையனே ஒப்புக்கொண்டிருக்கிறான். ஒரு சொல்லையும் மென்மையாக்கக் கூடாது என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன்.