திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைப் படம் எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: கூடைப் பின்னலைப் படம் எடுத்தால் தட்டையாகத் தெரிகிறது. நேரில் தெரியும் மேடு பள்ளம் எங்கே போகிறது?

பதில்: வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுவதால் நிழலே இல்லாமல் போகிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கூடையை ஜன்னல் ஓரம் வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சரிவாக விழ வேண்டும். அப்போது ஒவ்வொரு இழைக்கும் பக்கத்தில் ஒரு சிறு நிழல் விழும், ஆழம் தெரியும். மரச்செதுக்கலுக்கும் இதே வழிதான். பளபளக்கும் ஓடுகளுக்கு மட்டும் போலரைசர் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடி) போட்டுத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: துணியின் நெசவில் இல்லாத வானவில் கோடுகள் படத்தில் வருகின்றனவே?

பதில்: அதற்கு மொய்ரே என்று பெயர். படத்தில் விழும் இழைகளின் நெருக்கமும் சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு) உள்ள பிக்சல் புள்ளிகளின் நெருக்கமும் ஏறக்குறைய ஒன்றாகும்போது வரும். கொஞ்சம் முன்னே பின்னே நகருங்கள், அல்லது கோணத்தை மாற்றுங்கள். அப்புறம், படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சிறிதாக்கிய படத்தில் திரையே இப்படிக் கோடு காட்டும்.

கேள்வி: கட்டட ஜன்னல் வரிசை மேலே போகப் போகக் குறுகுகிறது.

பதில்: கேமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். தள்ளி நின்று 70 முதல் 100 மி.மீ. லென்ஸில், கேமரா சுவருக்கு இணையாக இருக்கும்படி எடுங்கள். எதிர்க் கட்டடத்தின் நடுமாடி கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மொபைல் போதுமா?

பதில்: தாராளமாக. கட்டக் கோடுகளைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூரியகாந்தியின் சுருளை எப்படிக் காட்டுவது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது! ஒவ்வொரு பூமொட்டும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை தள்ளி உருவாகிறது. அதனால் இரு திசைகளிலும் சுருள்கள் தெரியும். எண்ணினால் பெரும்பாலும் 34, 55 போன்ற அடுத்தடுத்த ஃபிபொனாச்சி எண்கள் வரும். பூவின் மையத்தைப் படச் சட்டத்தின் நடுவில் வைக்காமல் ஒரு மூலைக்குத் தள்ளுங்கள், சுருள் ஓடும் திசை பிடிபடும். மிக நெருங்கினால் ஃபோகஸ்தான் சிக்கல். ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. சென்சார்) கேமராவில் 1:1 அளவில், அதாவது பொருள் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்போது, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் 1 மி.மீ. ஆழம்தான். ஸ்டாண்டில் வைத்து, ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து இணைக்கலாம். காற்று அடித்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: நடுவில் ஒரு ஓடு உடைந்திருக்கிறது. தவிர்க்கவா?

பதில்: வேண்டாம், அதையும் எடுங்கள். ஆனால் அழகுக்காக நீங்களே ஒரு சிவப்பு இலையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். கையால் செய்த எதிலும் தானாகவே ஒரு பிசிறு இருக்கும், தேடினால் கிடைக்கும். அதைவிட ஓரங்களைக் கவனியுங்கள். வடிவம் நாலு பக்கமும் சட்டத்தைத் தாண்டி ஓட வேண்டும். ஒரு மூலையில் வெறும் சுவர் எட்டிப் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும்.