கேமரா அக்கா பதில்கள்: பிஸ்கட் டின்னுல இருந்த கிளிப்பு

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். போன மாசம் சிங்கப்பூர் தேக்கா பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில, நம்ம போட்டோ குரூப்காரங்க ஒரு ஃபேஷன் போட்டோகிராபர கூப்பிட்டு டின்னர் லெக்சர் வச்சாங்க, நானும் போயிருந்தேன், நீங்களும் நிறைய பேரு வந்திருந்தீங்க போல. அதனால அதையும் ஃபேஷன் படம் சம்பந்தப்பட்டதையும் மட்டும் எடுத்துக்கிட்டு, மத்த கேள்விய எல்லாம் தள்ளி வச்சிட்டேன். பிரிண்டர் பத்தி கேட்ட ஜூரோங் ஐயா மன்னிச்சிக்கணும், அடுத்த மாசம் கண்டிப்பா.

அக்கா, அன்னைக்கு 45 வெள்ளி குடுத்து வந்தேன். மனுஷன் ஒன்றரை மணி நேரம் பேசினாரு, என்ன கேமரா, என்ன லென்ஸ்னு ஒரு வார்த்தை இல்ல. ஊக்கு, கிளிப்பு, அயர்ன் பாக்ஸ்னே ஓட்டிட்டாரு. சாப்பாடு நல்லா இருந்துச்சு, அதான் சண்டை போடாம வந்துட்டேன். காசு வேஸ்ட்தானே? (தெம்பனிஸ் வாசகர்)

தம்பி, மூணாவது டேபிள்ல போனையே பாத்துக்கிட்டு இருந்தது நீங்கதானா? சும்மா கேட்டேன்.

எனக்கு அந்த 45 வெள்ளி அந்த பிஸ்கட் டின்னுக்கே சரியாப் போச்சு. ஞாபகம் இருக்கா, பையத் திறந்து அவரு மொதல்ல எடுத்து வச்சது கேமரா இல்ல, துருப்பிடிச்ச பழைய பிஸ்கட் டின்னு. உள்ள ஆபீஸ் பைண்டர் கிளிப்பு, துணி காயப்போடுற கிளிப்பு, ஊக்கு, ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு, ஊசி நூலு. அப்புறம் ரெண்டு படம் போட்டாரு. மொதல் படத்துல ஒரு பொண்ணு கோட்டு போட்டு நிக்குது, அளவெடுத்து தச்ச மாதிரி அப்படியே உடம்போட உக்காந்திருக்கு. அடுத்த படம் அதே பொண்ணு, அதே எடம், பின்னாடியிருந்து எடுத்தது. முதுகு பூரா மேலருந்து கீழ வரைக்கும் மீன் முள்ளு மாதிரி கிளிப்பு! ஷூட்டுக்கு வர்ற துணியெல்லாம் சாம்பிள், ஒரே சைசுலதான் வரும், போடுற ஆளு என்ன சைசோ அதுக்கு பின்னாடி புடிச்சு இழுத்து கிளிப்பு போட்டுத்தான் ஆகணும். உலகம் பூரா பண்றதுதான், நமக்குத்தான் தெரியல.

அப்புறம் ஒரு அம்மா பட்டுச்சேலையில வந்திருந்தாங்கல்ல, அவங்கள கேட்டு முன்னாடி நிக்க வச்சாரு. இவரு சேலையில கை வைக்கவே இல்ல, அந்தம்மாவோட தங்கச்சிய விட்டுத்தான் எல்லாம் செய்ய வச்சாரு, அத கவனிச்சீங்களா? கொசுவத்துக்கு உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாம ஒரு கிளிப்பு, முந்தானை தோள்ல சரியாம ஒரு ஊக்கு, அப்புறம் குனிஞ்சு கீழ கரை தரையில சமமா தொடுதான்னு பாக்கச் சொன்னாரு. அவ்வளவுதான். முன்ன எடுத்த படத்தையும் பின்ன எடுத்த படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டப்ப எங்க டேபிள்ல ரசம் குடிச்சிக்கிட்டிருந்தவரு டம்ளர கீழ வச்சிட்டாரு. ரெண்டும் ஒரே கேமரா, ஒரே லைட்டு.

அயர்ன் பாக்ஸ் கதைக்கும் காரணம் இருக்கு. பட்டோட நெசவும் ஜரிகையும் தெரியணும்னா லைட்ட பக்கவாட்டுல வைக்கணும். அதே பக்கவாட்டு லைட்டுதான் மடிச்சு எடுத்துட்டு வந்த மடிப்புக் கோட்டையும் கோடு கோடா காட்டிக் குடுக்கும். நான் இத காசு குடுக்காம கத்துக்கிட்டவ இல்ல. சில வருஷம் முன்னாடி ஒரு துணிக்கடைக்கு தீபாவளி ஷூட் பண்ணினப்ப ரவிக்கை பின்னாடி விலைச்சீட்டு எட்டிப் பாத்தத நானும் பாக்கல, கடைக்காரரும் பாக்கல. 28 படத்துல ஒவ்வொன்னா உக்காந்து அழிச்சேன், மூணு ராத்திரி. ஒரு ஊக்கோட வேலை அது.

லென்ஸ் என்னன்னு கடைசியில ஒருத்தர் கேட்டதுக்கு "85"ன்னு மட்டும் சொல்லிட்டு பாயசத்துக்குப் போயிட்டாரு, அது எனக்கும் கொஞ்சம் கோவம்தான். ஏன்னா வீவக வீட்டு (அரசு அடுக்குமாடி வீட்டு) ஹால்ல 85 மில்லிமீட்டர் லென்ஸ வச்சு முழு ஆள எடுக்க முடியாது. ஃபுல் ஃபிரேம் கேமராவ (பெரிய சென்சார் உள்ளது) நிமித்திப் புடிச்சு, தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் கொஞ்சம் எடம் விட்டு எடுக்கணும்னா கிட்டத்தட்ட 5 மீட்டர் பின்னாடி போகணும், போனா அடுப்படிக்குள்ள நிப்பீங்க. 50ன்னா 3 மீட்டர் போதும். அதுக்காக 24ன்னு வைடு லென்ஸ போட்டு கிட்டப் போயிடாதீங்க, தலை பெருசாவும் காலு குட்டையாவும் வந்து பொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட திட்டு வாங்குவீங்க.

ஃபேஷன் போட்டோ எடுக்க ஆசை, ஆனா மாடல்கிட்ட "இப்படி நில்லுங்க, அப்படி திரும்புங்க"ன்னு சொல்ல கூச்சமா இருக்குக்கா. (பொங்கோல்)

சொல்லாதீங்க, வேலை குடுங்க. "அந்த தூண் வரைக்கும் நடந்துட்டு திரும்பி வாங்க", "முந்தானைய சரி பண்ணுங்க", "வளையல எண்ணுங்க". கை கால என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் ஆளுங்க விறைச்சு நிக்கிறாங்க, வேலை குடுத்தா கை தானா எடம் தேடிக்கும். 1930கள் வரைக்கும் ஃபேஷன் படம்னா ஸ்டுடியோக்குள்ள பொம்மை மாதிரி நிக்கிறதுதான். மார்ட்டின் முன்காச்சின்னு ஹங்கேரிக்காரர், அதுக்கு முன்னாடி ஸ்போர்ட்ஸ் படம் எடுத்துக்கிட்டிருந்தவரு, 1933ல ஹார்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக நீச்சல் டிரெஸ் போட்ட மாடல கடற்கரையில ஓட விட்டு எடுத்தாரு. தோள்ல போர்த்தின கேப்பு (மேலங்கி) பின்னாடி பறக்குது. அங்கருந்துதான் மாடலுங்க நடக்க ஆரம்பிச்சாங்கன்னு வச்சிக்கோங்க. ஈஸ்ட் கோஸ்ட்ல காத்து சும்மாவே அடிக்குது, ஒரு ஜார்ஜெட் சேலை போதும், பட்டு வேணாம், பறக்காது.

பெரிய ஃபேஷன் போட்டோகிராபர் ஒருத்தர நம்ம ஊரு பேப்பர் வேலையவிட்டு தூக்கிடுச்சுன்னு அன்னைக்கு சொன்னாரே, பேரு காதுல விழல, பக்கத்துல அப்பளம் நொறுக்கிட்டாங்க. நிஜமா? (புக்கிட் பாத்தோக்)

நிஜம்தான். ஹெல்முட் நியூட்டன். 1920ல பெர்லின்ல பொறந்த யூதப் பையன், இவாங்கிற பேர்ல ஸ்டுடியோ வச்சிருந்த ஒரு பெண் போட்டோகிராபர்கிட்ட தொழில் கத்துக்கிட்டவரு. 1938 டிசம்பர்ல நாஜிங்ககிட்ட இருந்து தப்பிச்சு இத்தாலியில கப்பல் ஏறினாரு, கப்பல் சீனாவுக்குப் போறது, இவரு சிங்கப்பூர்ல இறங்கிட்டாரு. வயசு 18. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்ல போட்டோகிராபர் வேலை கெடச்சுது, ரெண்டே வாரத்துல போங்கன்னு சொல்லிட்டாங்க. 1940ல பிரிட்டிஷ்காரங்க அவர எதிரி நாட்டுக்காரன்னு புடிச்சு குயின் மேரி கப்பல்ல ஆஸ்திரேலியா முகாமுக்கு அனுப்பினாங்க, அங்க பழம் பறிச்சாரு, ராணுவத்துல லாரி ஓட்டினாரு, 1946ல மெல்போர்ன்ல சொந்த ஸ்டுடியோ போட்டாரு. பாரிஸு, வோக் பத்திரிகை, பேரு புகழ் எல்லாம் அதுக்கப்புறம். தொழில் கத்துக் குடுத்த இவா அம்மா மட்டும் பெர்லின விட்டு வரல, 1942ல நாஜிங்க அவங்கள புடிச்சிட்டுப் போய் கொன்னுட்டாங்க.

என் மக நல்ல கருப்பு, களையா இருப்பா. படத்துல மட்டும் ஒன்னு மூஞ்சி சாம்பல் பூசின மாதிரி வருது, இல்ல கண்ணே தெரியாம இருட்டா வருது. நிச்சயதார்த்தம் வருது, சொந்தக்காரங்க "கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்லு"ங்கிறாங்க. என்ன செய்ய? (ஈசூன் தாயார்)

அம்மா, மொதல்ல வெளுப்பாக்குற பேச்ச விட்டுடுங்க. நான் பண்ணிக் குடுக்க மாட்டேன், பண்ணிக் குடுக்குறவங்ககிட்ட போகவும் வேணாம். தப்பு பொண்ணு மேல இல்ல, கேமரா கணக்குல.

கேமராவுக்குள்ள இருக்குற மீட்டருக்கு ஒரே ஒரு நிறம்தான் தெரியும், 18 சதவீத சாம்பல். முன்னாடி என்ன இருந்தாலும் அத அந்த சாம்பலா ஆக்கப் பாக்கும். கருப்பு மொகம் படம் பூரா நிறைஞ்சிருந்தா "அய்யோ இருட்டு"ன்னு நெனச்சு வெளிச்சத்த ஏத்திடும், அதுதான் உங்க சாம்பல் பூச்சு. பக்கத்துல வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சுவரோ இருந்தா "ரொம்ப வெளிச்சம்"னு கொறைச்சிடும், கண்ணு காணாமப் போயிடும். போட்டோ எடுக்குற பையன்கிட்ட சொல்லுங்க, மொகம் மட்டும் எடுக்குறப்ப வெளிச்சத்த ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் கொறைச்சா வெளிச்சம் பாதி, ஏத்தினா ரெண்டு மடங்கு) கொஞ்சம் கம்மியா கொறைக்கணும், வெள்ளை பேக்ரவுண்டுன்னா ஒரு ஸ்டாப் ஏத்தணும். ஃபிலிம் காலத்துல கதை இன்னும் மோசம். கலர் சரியா இருக்கான்னு பாக்க லேபுக்கு கோடக் அனுப்புன மாதிரிப் படத்துல ரொம்ப வருஷமா இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணு, ஷெர்லி கார்டுன்னு பேரு, அந்தம்மா தோலு சரியா வந்தா எல்லாம் சரின்னு விட்டுட்டாங்க. நம்ம வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை பல்லு மட்டும் தெரியுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

லைட்டு விஷயத்துல அன்னைக்கு அவரு காட்டினது எனக்கு ரொம்பப் புடிச்சது. ஹால் லைட்டெல்லாம் அணைச்சிட்டு ஒரு ஜன்னல் சைசு லைட்ட ஒரு தம்பியோட கன்னத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்தாரு, நல்ல கருப்புத் தம்பி, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தாடைன்னு ஒவ்வொன்னா பளபளன்னு எழுந்து வந்துச்சு. அந்தப் பளபளப்புதான் கருப்பு மொகத்த வரையிற பென்சில். அதனால மேக்கப் போடுறவங்கள பவுடர அப்பி அத அழிக்க விடாதீங்க, மேக்கப்புக்கு முன்னாடி கொஞ்சம் க்ரீம் தடவச் சொல்லுங்க. லைட்டு பெருசா, கிட்டத்துல, பக்கவாட்டுல. இன்னொரு பக்கம் புத்தகக் கடையில விக்கிற வெள்ளை ஃபோம் போர்டு ஒன்னு, சில வெள்ளிதான். ஃபோன்ல எடுத்தா, மூஞ்சிய தானா வழவழன்னு வெளுப்பாக்குற பியூட்டி மோடு ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, பாதி பேரு வீட்டு சண்டைக்கு அதுதான் காரணம்.

ஸ்டுடியோ வாடகை கட்ட முடியல, வெளிய எடுத்தா மதியம் கண்ணு குழி விழுந்து வருது. (அங் மோ கியோ)

நாம பூமத்தியரேகைக்கு ஒரு டிகிரி மேல இருக்கோம் தம்பி, மத்தியானம் சூரியன் உச்சி மண்டையிலதான் நிக்கும், யாரா இருந்தாலும் கண்ணுல குழி விழும். வருஷம் பூரா ஏழு மணி வாக்குல உதிச்சு ஏழு மணி வாக்குல மறையுது, மறைஞ்சா இருபது நிமிஷத்துல கும்மிருட்டு. அதுக்குள்ள எடுக்க முடியலன்னா உங்க புளோக் கீழயே ஸ்டுடியோ இருக்கே, வாய்ட் டெக், அதான் கீழ்த்தளத்துல சுவரில்லாத திறந்த எடம்! வெயில் விழுற ஓரத்துலருந்து ஒரு எட்டு உள்ள நிக்க வைங்க, மொகம் வெளிய பாக்கணும். மேல கூரை மறைச்சிடும், முன்னாடி வானம் பெரிய லைட்டா வேலை செய்யும், சிமெண்டுத் தரை கீழருந்து வெளிச்சத்த தூக்கிக் குடுக்கும், பின்னாடி தானா இருட்டாயிடும். முன்னாடி புல்லுத் தரை இல்லாத பக்கமா பாத்துக்கோங்க, இருந்தா தாடைக்குக் கீழ பச்சை அடிக்கும். கம்போங் கிளாம், தேக்கா கடைவீட்டு அஞ்சடி நடைபாதையும் இதே கணக்குதான், ஆனா வியாபாரம் நடக்குற நேரத்துல வழிய மறிச்சிக்கிட்டு நிக்காதீங்க.

துணிக்கடைக்கு எடுத்துக் குடுத்த படத்த வேற ஒரு விளம்பரத்துலயும் போட்டுட்டாங்க, என் பேரும் இல்ல. படம் யாருக்குச் சொந்தம்? (உட்லண்ட்ஸ்)

நான் வக்கீல் இல்ல, ஆனா இது தெரிஞ்சு வச்சிக்கோங்க. முன்னாடி இங்க, காசு குடுத்து எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான் படம் சொந்தம். புது காப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ல நடப்புக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா எடுத்தவருக்குத்தான் மொதல் உரிமை, பேரு போடணுங்கிற உரிமையும் இருக்கு. சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்க கணக்கு வேற. அதனால நீங்க கையெழுத்து போட்ட பேப்பர முழுசா படிங்க, கடைசிப் பக்கம் சின்ன எழுத்து உட்பட. வாட்ஸ்அப்ல பேசினது மட்டும்தான் இருக்குன்னா அதையும் அழிக்காம வைங்க.

எங்க செங்காங் பக்கம் இருபது பேரு சேந்து ஒரு குட்டி போட்டோ குரூப் வச்சிருக்கோம். நாங்களும் இதே மாதிரி டின்னர் லெக்சர் வைக்கலாம்னு இருக்கோம், டிப்ஸ் குடுங்கக்கா.

சாப்பாட்ட மொதல்ல முடிங்க. அன்னைக்கு நடந்த ஒரே கூத்து அதுதான், மீன் தலைக் கறி டேபிளுக்கு வந்த அதே நேரம் சிலைடு போட லைட்ட அணைச்சாங்க, அறுபது பேரு இருட்டுல முள்ளு தடவிக்கிட்டு இருந்தோம், திரையில பாரிஸ் ஓடுது. ஒரு பெரியவரு ஃபோன் டார்ச்ச அடிச்சு சாப்பிட்டாரு, போட்டோகிராபரும் சிரிச்சிட்டு "அந்த லைட்டு நல்லா இருக்கு ஐயா, அப்படியே இருங்க"ன்னாரு. வாழை இலைன்னா இன்னும் கஷ்டம், சந்தேகம் கேக்க கையத் தூக்கினா ரசம் முழங்கை வரைக்கும் வழியும்.

புரொஜெக்டர முந்தின நாளே உங்க சொந்தப் படத்தப் போட்டு பாத்துடுங்க, அன்னைக்கு அரக்குப் பட்டு ஆரஞ்சுப் பட்டா தெரிஞ்சுது, பாவம் மனுஷன் ரெண்டு தடவ மன்னிப்பு கேட்டாரு. காச பேநவ்ல (ஃபோன்லயே பணம் அனுப்புறது) முன்னாடியே வாங்கிடுங்க, சைவம் எத்தன பேருன்னும் அப்பவே கேட்டுடுங்க. கேள்விய சாப்பாட்டு நேரத்துலயே துண்டுச் சீட்டுல எழுதி வாங்கினா ஒரே ஆளு மைக்க புடிச்சிக்கிட்டு தன் கதைய சொல்றது கொறையும். நன்றியுரை சொல்ற அண்ணன்கிட்ட மூணு நிமிஷம்னு முன்னாடியே சொல்லிடுங்க, எங்களுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு, கடைசி எம்ஆர்டிக்கு ஓட வேண்டியதாப் போச்சு.

மெனுவுல சிக்கன் வைங்க. முள்ளு இல்லாதது.