பிடிக்காத கை

கேள்வி: 1971 இந்தியப் போரில், மேற்கு நாடுகளோடு பாகிஸ்தான் சேர்ந்திருந்த சீட்டோ, சென்டோ என்ற ராணுவக் கூட்டணிகள் இரண்டும் அதைக் கைவிட்டன. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவும் அப்படிக் கைவிடாது என்று எப்படி நம்புவது? இத்தனை காலம் அணி சேராமல் இருந்த பின்லாந்து ஏன் அதில் போய்ச் சேர்ந்தது?
– வாசகர், கரூர்

பதில்: கைவிட்டன என்கிறீர்கள். பிடித்த கையைத்தானே விட முடியும்? 1954-ல் மணிலாவில் சீட்டோ ஒப்பந்தம் கையெழுத்தானபோதே அமெரிக்கா அதில் தன் பங்குக்கு ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டது. கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்பு நடந்தால் மட்டுமே இந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தும் என்பது அந்தக் குறிப்பு. பாகிஸ்தான் பயந்ததோ இந்தியாவுக்கு. வாஷிங்டனுக்கு எதிரி மாஸ்கோவிலும் பெய்ஜிங்கிலும் இருந்தான், பாகிஸ்தானுக்கு டெல்லியில். கூட்டாளிகளுக்கு எதிரி வேறு வேறாக இருந்தால் கூட்டணி எப்படி நிற்கும்? 1965 போரிலேயே அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது உண்மை. ஆனால் அது அமெரிக்க அதிபர் நிக்சன் எடுத்த முடிவு. சீட்டோவுக்கு அதில் பங்கில்லை, அதனிடம் சொந்தப் படையும் கிடையாது. 1977-ல் அந்த அமைப்பு கலைந்தது. ஈரான் புரட்சிக்குப் பிறகு, 1979-ல், சென்டோவும் முடிந்தது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கூட்டணி பற்றிப் பேசக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. தொலைக்காட்சி விவாதங்களில் “நேட்டோவில் ஒருவரைத் தொட்டால் அத்தனை பேரும் போருக்கு வந்துவிடுவார்கள்” என்று அடித்துச் சொல்கிறார்கள். நேட்டோ ஒப்பந்தத்தின் 5-வது பிரிவில் அப்படி இல்லை. ஒருவர் மீதான தாக்குதலை எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதி, ஒவ்வொரு நாடும் தான் தேவை என்று நினைக்கும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் இருக்கிறது. ராணுவத்தை அனுப்புவது அதில் அடங்கலாம், அடங்காமலும் போகலாம். அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பயன்பட்டிருக்கிறது.

அடுத்த பிரிவை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. 6-வது பிரிவு எல்லை போடுகிறது: ஐரோப்பா, வட அமெரிக்கா, துருக்கி, கடக ரேகைக்கு வடக்கே உள்ள வட அட்லாண்டிக் தீவுகள். அமெரிக்காவின் ஹவாய்கூட இதற்குள் வராது. நமக்கு நெருக்கமான உதாரணம் கோவா. போர்ச்சுகல் 1949-ல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தபோது நேட்டோ வரவில்லை. வரவேண்டிய கடமையும் அதற்கு இல்லை. கோவா அரபிக் கடலோரத்தில் இருக்கிறது.

அப்படியானால் நேட்டோவை எதை வைத்து நம்புவது? எழுத்தை வைத்து அல்ல, படை எங்கே நிற்கிறது என்பதை வைத்து. 2014-ல் உக்ரைனின் கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகு கணக்கு மாறியது. 2017-ல் எஸ்தோனியாவுக்கு பிரிட்டனும், லாத்வியாவுக்கு கனடாவும், லிதுவேனியாவுக்கு ஜெர்மனியும், போலந்துக்கு அமெரிக்காவும் தலைமை ஏற்று பன்னாட்டுப் படைகளை நிறுத்தின. எல்லையைத் தாண்டுகிறவன் முதல் நாளே பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்களோடு மோத வேண்டும். அதற்குப் பிறகு லண்டனோ பெர்லினோ பிரிவு எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. சீட்டோவில் இல்லாதது இதுதான். கணக்கு நேட்டோவுக்கு வெளியேயும் மாறியது: பால்டிக் கடலில் உள்ள கோட்லாந்து தீவில் 2005-ல் மூடிய படைப்பிரிவை சுவீடன் 2018-ல் திரும்பத் திறந்தது. அப்போது அது நேட்டோவில் சேர்ந்திருக்கவே இல்லை!

அமெரிக்கா கடைசிவரை கூட நிற்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ஐரோப்பியர்களுக்கும் அது இருக்கிறது. 2025-ல் ஹேக்கில் நடந்த நேட்டோ மாநாட்டில் 2035-க்குள் பாதுகாப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் ஒதுக்க ஒப்புக்கொண்டதற்கு ட்ரம்பின் நெருக்குதல் ஒரு காரணம், இந்தச் சந்தேகம் இன்னொன்று.

பின்லாந்துக்கு வருகிறேன். 1939-ல் சோவியத் ராணுவம் படையெடுத்தபோது அது தனியாகத்தான் நின்றது. போர்களின் முடிவில் நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போயிற்று. 1948-ல் மாஸ்கோவோடு நட்பு ஒப்பந்தம் போட்டு, வாயை அடக்கி, நாட்டைக் காப்பாற்றிக்கொண்டது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி இன்றுவரை தொடர்கிறது. சுமார் 56 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் 48 லட்சம் பேர் ஒதுங்கக்கூடிய பதுங்கறைகள் இருக்கின்றன. 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா பாய்ந்ததும் மக்களின் மனம் சில வாரங்களில் மாறியது. 2023 ஏப்ரல் 4-ல் பின்லாந்து 31-வது உறுப்பினரானது. அதன் 1,340 கிலோமீட்டர் ரஷ்ய எல்லை, ரஷ்யாவோடு நேட்டோவுக்கு இருந்த எல்லையை இரண்டு மடங்குக்கும் மேலாக்கியது. துருக்கியும் ஹங்கேரியும் இழுத்தடித்ததில் சுவீடன் 2024 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது.

இதைக் காட்டி, இந்தியாவும் ஏதாவது ராணுவக் கூட்டணியில் சேர்ந்தால் சீன எல்லைக் கவலை தீரும் என்று எனக்குத் தொடர்ந்து எழுதும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குள்ள சண்டை பழையது. பின்லாந்து முதலில் தன்னைத் தயார் செய்துகொண்டது, பிறகுதான் சேர்ந்தது. அதன் கூட்டாளிகள் பயப்படுவதும் அதே ரஷ்யாவுக்குத்தான். கிழக்கு லடாக்கில் நம் சிப்பாயோடு தோளுக்குத் தோள் நிற்கத் தன் பிள்ளைகளை அனுப்பப்போகும் நாடு எது என்று அன்பர்கள் பெயரோடு எழுதட்டும். இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட் என்று எழுத வேண்டாம். அதில் 5-வது பிரிவு மாதிரி எதுவும் கிடையாது.