கத்திரி வாயில் விழுந்த பள்ளம்

கேள்வி: ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு, தக்கலைப் பக்கம் ஒரு ஒயரிங் காண்ட்ராக்டரிடம் ஹெல்பராக இருக்கிறேன். 350 ரூபாய்க்கு வாங்கிய எலக்ட்ரீஷியன் கத்திரியில் இரண்டே மாதத்தில் பாதிப் பச்சைப்பயறு அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. மெல்லிய ஒயர் அதில் மாட்டி வழுக்குகிறது. கடைக்காரர் 1,400 ரூபாயில் ஒன்றைக் காட்டி, "ஜெர்மன் சாமான், ஆயிரம் வோல்ட் தாங்கும்" என்கிறார். வாங்கலாமா? பள்ளம் விழுந்த அன்று, வேலை செய்த அறையின் எம்சிபியை (அந்த அறைக்கான தானியங்கி ஸ்விட்ச்சை) இறக்கிவிட்டுத்தான் பழைய ஒயரை வெட்டினேன். ஆனாலும் 'டப்' என்று பொறி பறந்து வீடே இருட்டாகிவிட்டது.

பதில்: தம்பி, கத்திரி வாங்குவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிதான் எனக்கு முக்கியம்.

பழைய கத்திரியை வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். ஓரம் உடைந்த கண்ணாடி மாதிரி கூராகப் பளபளத்தால், ஏதோ இரும்பை வெட்டியிருக்கிறீர்கள். ஓரம் ஒரு பக்கமாக மடங்கிப் போயிருந்தால் கத்திரியின் இரும்பு மட்டம், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம். பள்ளம் வட்டமாக, உருகி உறைந்த மெழுகு போல வழவழப்பாக, சுற்றிலும் கறுப்பும் நீலமும் ஏறி இருந்தால், அது கரண்ட் உருக்கிய இடம். நீங்கள் சொல்லும் 'டப்'பை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்த மூன்றாவது வகைதான். கரண்ட் வரும் ஃபேஸும் அது திரும்பும் நியூட்ரலும் சேர்ந்து வரும் ஒயரை ஒரே வெட்டாக வெட்டும்போது கத்திரியின் அலகே இரண்டையும் சேர்த்துவிடுகிறது. அந்தப் பொட்டு இடத்தில் இரும்பு உருகும் சூடு கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். அங்கே 350 ரூபாய்க் கத்திரியும் உருகும், 1,400 ரூபாய்க் கத்திரியும் உருகும்.

எம்சிபியை இறக்கிய பிறகு கரண்ட் எங்கிருந்து வந்தது? நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இன்வெர்ட்டரைத்தான். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, நடுவில் லைனில் சாயும் தென்னையும் ரப்பரும். அதனால் இன்வெர்ட்டர் வைத்த வீடுகள் இங்கே ஏராளம். பல வீடுகளில் அது வீடு கட்டிப் பல வருஷம் கழித்து வந்திருக்கும். மாட்ட வந்தவர் எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து முறையாகப் பிரிக்காமல், கைக்கு எட்டிய பிளக் பாயிண்டிலிருந்து கரண்டை எடுத்து, நாலு லைட்டுக்கும் இரண்டு ஃபேனுக்கும் தனியாக ஒயர் இழுத்துவிட்டுப் போயிருப்பார். நீங்கள் படுக்கையறை எம்சிபியை இறக்குகிறீர்கள். அந்த அறை லைட்டுக்குக் கரண்ட் வருவதோ ஹால் பிளக் பாயிண்டின் எம்சிபி வழியாக, இன்வெர்ட்டருக்குள் புகுந்து. ஈபி கரண்ட் இருக்கும்வரை இன்வெர்ட்டர் அதை அப்படியே வாங்கி அப்படியே வெளியே விடும்.

சரி, மெயினையே இறக்கிவிட்டால்? அப்போதும் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். மெயினை இறக்கினால், 'கரண்ட் போய்விட்டது, இனி என் வேலை' என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறி அதே 230 வோல்ட்டைத் தரும். ஆகவே வரிசை இதுதான்: வெட்டப்போகும் லைனில் சோதனை பல்பு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மெயினை இறக்குங்கள். அப்புறம் இன்வெர்ட்டரை அதன் சொந்த ஸ்விட்ச்சில் அணைத்து, அதன் பிளக்கையும் பிடுங்குங்கள். மறுபடி அதே பல்பை வெட்டப்போகும் ஒயரில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். சட்டைப்பையில் குத்தியிருக்கும் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல வெயிலில் அதன் மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது. இத்தனைக்கும் மேல், ஒயரை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியாக வெட்டுங்கள். கரண்ட் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் அப்படித்தான்.

இப்போது 'ஆயிரம் வோல்ட்' கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லி விற்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். சாதாரண எலக்ட்ரீஷியன் கத்திரியின் பிளாஸ்டிக் கைப்பிடி விரல் வலிக்காமல் இருப்பதற்கு. உங்கள் கத்திரியையே பாருங்கள்: விரல் வளையத்துக்குச் சற்று மேலே வெறும் இரும்பு, அதற்கு மேல் திருகாணி, அதுவும் வெறும் இரும்பு. வேர்த்த விரல் அரை அங்குலம் நகர்ந்தால் போதும். கரண்ட் லைனில் வேலை செய்வதற்கென்றே செய்த கருவிகள் உண்மையாகவே உண்டு. அவற்றுக்கு ஐஇசி 60900 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஒன்றோடொன்று பின்னிய இரண்டு முக்கோணக் குறியும், பக்கத்தில் 1000 வி என்பதும் கருவியின் உடம்பிலேயே இருக்கும். 10,000 வோல்ட்டில் சோதித்து வெளியே விடுகிறார்கள். உறை கனமாக, பெரும்பாலும் இரண்டு நிற அடுக்காக, விரல் முன்னால் வழுக்காதபடி ஒரு தடுப்போடு வரும். ஒருமுறை நாகர்கோவிலில் ஒரு கடையில் எனக்குக் காட்டிய 'ஆயிரம் வோல்ட்' கத்திரியில் அந்த எண் ஒரு ஸ்டிக்கரில் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், உரிந்து கையோடு வந்துவிட்டது. அதை நம்பி ஒரு பையன் ஈரத் தரையில் நின்று ஒயரைத் தொட்டிருந்தால் யார் பதில் சொல்வது? அசல் முக்கோணக் குறி உள்ளதாகவே இருந்தாலும் அது உங்கள் கையைத்தான் காக்கும். அலகில் நடக்கும் ஷார்ட்டையும், கண்ணுக்கு நேரே பறக்கும் பொறியையும் தடுக்காது.

'ஜெர்மன்' என்பதையும் வாய்வார்த்தையாக ஏற்க வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருட்கள் விதிப்படி, இறக்குமதிச் சாமான் பாக்கெட்டில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாராவது உங்களை அந்தக் கடைக்கு அனுப்பிவைத்திருந்தால், அவருக்கு அங்கே கமிஷன் உண்டா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய கத்திரி ஏன் பழுதானது என்று ஒரு வார்த்தை கேட்காமல் விலை கூடியதை எடுத்து நீட்டுகிற கடையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை. படிப்பில் பிளேயர் பிடிக்கச் சொல்லித்தருகிறோம், இன்வெர்ட்டர் வீட்டில் எப்படி லைனை அணைப்பது என்று சொல்லித்தர நேரமில்லை. வேலைக்கு வந்தால் லைசென்ஸ் ஒருவர் பெயரில், கம்பி இழுப்பது வேறொருவர், வீட்டையே பார்க்காமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குவது இன்னொருவர். இந்த மூவருக்கும் நடுவில் ஹெல்பரின் கைதான் ஒயரில் இருக்கிறது. எத்தனை கூட்டத்தில் சொல்லியாயிற்று!

கத்திரிக்கு வருவோம். மொத்த நீளம் ஐந்தரை அங்குலம் போதும். அலகு குட்டையாகவும் கைப்பிடி அதைவிட நீளமாகவும் இருக்கட்டும், அப்போதுதான் பிடி இறுகும். ஒரு அலகில் விரலை வைத்தால் நறநறவென்று நுண்ணிய பல் தெரிய வேண்டும். ஒயரை நழுவவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். திருகாணிக்குப் பக்கத்தில் சின்ன அரைவட்ட வெட்டு இருந்தால் நல்லது, தடித்த ஒயரை அங்கே கொடுத்து வெட்டலாம். இரண்டு அலகும் சேரும் இடம் அடித்து இறுக்கிய ரிவிட்டாக இல்லாமல் திருகாணியாக இருந்தால், தளர்ந்தபின் முறுக்கிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் ஒரு துண்டும், ஒரே உறைக்குள் மூன்று ஒயர் வரும் மூன்று கோர் ஒயர் ஒரு துண்டும் கொண்டுபோங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள்: செம்பு இழைகள் விசிறி போல விரியாமல் சேர்ந்து நிற்க வேண்டும். அலகின் நுனியால் ஒரு பிளாஸ்டிக் பையை வெட்டுங்கள். மடங்காமல் வெட்டினால் நுனிவரை சேருகிறது என்று பொருள். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் வேண்டாம்.

இழை ஒயரில் இரண்டரை ஸ்கொயர் வரை கத்திரி சுகமாக வெட்டும், நாலு கொஞ்சம் கஷ்டம். அதற்கு மேல் கேபிள் கட்டர்தான். பழைய வீடுகளில் வரும் முரட்டு ஒற்றைக் கம்பிக்குக் கட்டிங் பிளேயர், மண்ணில் புதைக்கும், இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளுக்கு ஹாக்சா ரம்பம். டிஷ் ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பி பார்க்கச் செம்பாக இருந்தாலும் பலவற்றில் செம்புப் பூச்சுப் போட்ட இரும்பு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் கத்திரியை அதன் கிட்டே கொண்டுபோகாதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணன்மாரைப் பாருங்கள், அந்தக் கத்தியால் கயிறுகூட அறுக்க மாட்டார்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் வேலைக்குப் போனால் உப்புக்காற்று துருப்பிடிக்காத இரும்பையும் விடாது. சாயங்காலம் துணியால் துடைத்து, திருகாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும்.

இந்த அளவுக்குத் தேறுகிற கத்திரி எந்த விலையில் கிடைத்தாலும் வாங்குங்கள், அதற்கு 1,400 தேவையில்லை. பழையதையும் எறியாதீர்கள். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்தால் டேப், கேபிள் டை வெட்ட ஆகும். அந்த வீட்டுக்கு மறுபடி போகும்போது, இன்வெர்ட்டர் எந்த எம்சிபியிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்று கண்டுபிடித்து, டிபி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிட்டு வாருங்கள்.