தாடை அறுவைக்கு முன் தாடை மாதிரி எதற்கு?

கேள்வி: ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பிக்கு வயது 28. கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டி இருப்பதால், அந்தப் பகுதியை நீக்கிக் கால் எலும்பைப் பொருத்த வேண்டும் என்று வேலூரில் கூறுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகும் சி.டி. ஸ்கேனும் தாடை மாதிரியும் கேட்கிறார்கள். இவை தேவைதானா?

பதில்: தேவைதான். தோலை லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் இழுத்துப் பொருத்திய பிறகே அது ஷூவின் வடிவத்துக்கு வரும் என்பது உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்கும். தாடை எலும்பின் வடிவில் செய்யும் தாடை மாதிரியும் அப்படி ஓர் அச்சுதான். ஆனால் ஒருவருடைய அச்சு மற்றவருக்கு உதவாது.

பல் மருத்துவத்தில் வழக்கமாக எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, லாட வடிவத் தாடையை விரித்துத் தட்டையாகக் காட்டுவதால், கட்டி நாக்குப் பக்கம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது அதில் தெரியாது. சி.டி. ஸ்கேனில் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் கிடைக்கும் படங்களைக் கணினி ஒன்றிணைக்க, முப்பரிமாண அச்சு இயந்திரம் அதே அளவில் மாதிரியை அடுக்கடுக்காக உருவாக்கிவிடும்.

தாடையைத் தாங்கும் டைட்டானியம் தகட்டை இந்த மாதிரியின் மேல் முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே அதை வளைத்து வளைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் நேரம் வீணாவதோடு, தகடும் வலுவிழக்கும். கட்டியால் புடைத்த எலும்பின் மேலேயே தகட்டை வளைத்தால், பின்னர் முகமும் அந்தப் புடைப்போடுதான் இருக்கும் என்பதால், நலமாக உள்ள இடப்பக்கத்தைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, வலப்பக்கத்துக்கு மாதிரி செய்வதும் உண்டு. காலிலிருந்து எடுக்கும் ஃபிபுலா எலும்பு நேரானது. அதை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வெட்டினால் தாடையின் வளைவு வரும் என்பதையும் முன்பே தீர்மானித்துவிடலாம்.

மாதிரி காட்டுவது எலும்பை மட்டுமே. தாடைக்குள் ஓடும் நரம்பை நீக்க நேர்ந்தால் கீழுதடு மரத்துப்போகும். அதைப் பற்றி அறுவை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் ஸ்கேனில் கோடுகள் விழுந்து பற்களின் வடிவம் சிதையும் என்பதால், பல் அச்சும் எடுப்பார்கள். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: இந்தக் கட்டி மெல்ல வளர்ந்துகொண்டே இருப்பது. ஸ்கேன் எடுத்துப் பல மாதங்கள் அறுவை தள்ளிப்போனால், பழைய மாதிரியை நம்பாமல் மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

தாடையில் எளிய முறிவு என்றால் இவ்வளவும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஒரு ஸ்கேனின் கதிர்வீச்சை எண்ணி, இவ்வளவு பெரிய அறுவைக்குரிய திட்டத்தைக் கைவிடுவது சரியல்ல.

தம்பியின் நடையைப் பற்றியும் கவலை இருக்கலாம். உடல் எடையைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்திலுள்ள டிபியா எலும்பே. கணுக்கால் உறுதிக்காக ஃபிபுலாவின் கீழ்ப்பகுதியை விட்டுவைத்துத்தான் எடுப்பார்கள். அவருக்குப் புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்தின் இரத்தக் குழாய்களோடு இணைத்துத் தைக்கும் அந்த எலும்பின் இரத்த ஓட்டத்துக்கும், காயங்கள் ஆறுவதற்கும் அது கேடு.