ஹரகத் இல்லாத அரபி பிடிபடவில்லையா? வேரைத் தேடுங்கள்

சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, வேர்க் குடும்பமாகப் படியுங்கள். அட்டை வைத்து 400 சொல் படித்தும் ஹரகத் (உயிரொலியைக் காட்டும் குறிகள்) இல்லாத செய்தியில் ஒன்றும் புரியவில்லை என்கிறீர்களே, அதற்கு இதுதான் வழி.

காரணம் பெரும்பாலும் அட்டைதான். ஹரகத்தோடு பதிந்த சொல், குறிகள் போனதும் வேறு ஆளாகத் தெரிகிறது. காஃப், தா, பா என்ற மூன்று வேரெழுத்தைப் பிடித்தால் கிதாப் (புத்தகம்), காதிப் (எழுதுபவர்), மக்தபா (நூலகம்) எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மக்தபாவின் பக்கத்தில் மத்ரஸாவை (பள்ளிக்கூடம்) வைத்துப் பாருங்கள்: முன்னால் ம, முடிவில் ஆ, இரண்டும் இடத்தைக் குறிப்பவை. எனக்கு அரபி பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.

சரி, ஒரு சோதனை. ஐந்து வரி எடுத்து, அல், வ, பி, லி போன்ற ஒட்டுகளை அடித்துவிட்டு வேர் எழுத்துகளை வட்டமிடுங்கள். வட்டமிட்டும் பொருள் வரவில்லையென்றால் சொல்வளம் போதவில்லை. வட்டமே போட முடியவில்லையென்றால் மக்தபா, மத்ரஸா இரண்டுக்கும் பொதுவான வடிவம் போன்ற சொல்லின் அச்சுகளைத்தான் பழக வேண்டும்.

வாவ், யா என்ற எழுத்துகள் உள்ள வேர்கள் மட்டும் ஏமாற்றும். நாம (தூங்கினான்) என்பதன் நடு வேரெழுத்து வாவ். நவ்ம் (தூக்கம்) என்ற பெயர்ச்சொல்லில்தான் அது தலைகாட்டும். அப்புறம், பன்மையை ஒருமையோடு சேர்த்தே படியுங்கள். கிதாபுக்குப் பன்மை குதுப்.