கேம் கேசட் திரும்ப வரும் என்கிறார்களே, பொறுத்திருக்கலாமா?

கேள்வி: மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறான். சீட்டெடுத்த காசில் கேம் மெஷின் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது, "அம்மா, அடுத்து வரப்போற மெஷின்ல டிஸ்க் இல்லையாம், பழையபடி கேசட்தானாம், பொறுத்து வாங்குவோம்" என்கிறான். எங்கள் தோட்டத்தில் சிக்னலும் சரியில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: பொறுக்க வேண்டாம். கம்பெனி தன் வாயால் அறிவிக்கும்வரை அது வெறும் பேச்சு. தவிர, கேசட் எங்கும் போய்விடவில்லை. நின்டெண்டோ கம்பெனியின் மெஷின்களான, 2017இல் வந்த சுவிட்ச், 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 இரண்டுக்குமே கேசட்தான், தபால்தலை அளவில்.

மற்றக் கம்பெனிகள் டிஸ்க் பக்கம் போனதற்குக் காரணம் காசு. 1996இல் வந்த 'நின்டெண்டோ 64' என்ற மெஷினின் கேசட்டில் அதிகபட்சம் 64 எம்பிதான் கொள்ளும். அன்றைய சிடியிலோ ஏறக்குறைய 650 எம்பி, அதுவும் மிக மலிவாக. இன்றும் கேசட்டுக்குள் இருக்கும் சிப்பின் விலைதான் இடிக்கிறது. அதனால்தான் சுவிட்ச் 2இல் 'கேம் கீ கார்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. பார்க்கக் கேசட் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே கேம் இருக்காது. மெஷினில் போட்டதும் முழுக் கேமையும் இணையத்திலிருந்து இறக்கச் சொல்லும். அதன்பிறகும் விளையாடும்போதெல்லாம் கார்டைச் செருகியே வைக்க வேண்டும்.

உங்களுக்கு உண்மையில் முக்கியம் இதுதான். சிக்னலுக்காக லயத்து வாசலில் போனை உயர்த்திப் பிடிக்கிற இடத்தில் 50 ஜிபி, 60 ஜிபி இறக்குவது என்றால் ரீலோட் போட்டே காசு கரைந்துவிடும். நாளை வேறு கம்பெனி கேசட் கொண்டுவந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, கேம் அதற்குள் இருக்கிறதா என்றுதான்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்து முன்பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளைப் பட்டையில் சாவிப் படம் இருந்தால் வைத்துவிடுங்கள். முழுக் கேமும் உள்ள கேசட்டுகளும் வருகின்றன. 'சைபர்பங்க் 2077' என்ற கேம் அப்படி 64 ஜிபி கேசட்டிலேயே வந்தது. பழைய சுவிட்ச் கேசட்டுகளும் பெரும்பாலும் புதியதில் ஓடும், எனவே பாவித்ததை வாங்கலாம், கூட்டாளிகளோடு மாற்றிக்கொள்ளலாம்.

மழை மாதங்களில் உங்கள் பக்கம் துணியே காயாது. கேசட்டை ஒரு டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ஓடவில்லை என்று வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் பட்டால் கேசட்டிலுள்ள பித்தளை நிறப் பற்கள் கறுத்துவிடும்.

இன்னொன்று. ஜப்பானில் மட்டும் விற்கும் மலிவான சுவிட்ச் 2 ஒன்று உண்டு. அதில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், மாற்றவே முடியாது. விலை குறைவாகச் சொன்னால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாடல் பெயரும் உத்தரவாதக் காலமும் எழுதிய பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். பிறகு கடைக்காரர் கைவிரித்தால், அந்தப் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம்.